கைத்தட்டல் ஒரு கடன்சீட்டு

(இயக்கத் தோழர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது படத்தில் நடிப்பவனைப் பற்றியன்று. படம் பார்ப்பவனைப் பற்றி. நடிப்பவனைப் பற்றிப் பேசுவோர் ஊருக்கு ஊர் உண்டு. படம் எடுப்பவனைப் பற்றி எழுதும் ஏடுகள் எண்ணிலடங்கா. ஆனால், உழைத்துப் பெற்ற கூலியிலே ஒரு பகுதியைக் கொடுத்துச் சீட்டு வாங்கி, கால் கடுக்க நின்று, கொட்டகைக்குள் நுழைந்து, மணல் தரையிலே அமர்ந்து, அழுது, சிரித்து, ஆர்ப்பரித்து, நள்ளிரவிலே வீடு திரும்பினானே, அவனைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர்.

எண்ணிப் பார்க்காததோடு நின்றார்களா? இல்லை. ஏளனமும் செய்தார்கள். 'விசிலடிச்சான் குஞ்சு' என்றார்கள். சினிமாப் பைத்தியம் என்றார்கள். கூத்தாடிகளை நம்பிக் கட்சி நடத்துகிறார்கள் என்று நம்மையும், கூத்தாடிகளைக் கண்டு மயங்குகிறார்கள் என்று மக்களையும், ஒரே மூச்சிலே இகழ்ந்தார்கள். அவன் ஏன் கைதட்டினான், எந்த இடத்திலே கைதட்டினான், எதை எண்ணிக் கைதட்டினான் என்று கேட்டறிய அவர்களுக்கு நேரமில்லை. கேட்டறியாததன் விலையை, பின்னர் அவர்கள் தேர்தல் தோறும் கொடுத்தார்கள்.

அந்தக் கேள்வியை நாம் கேட்போம். அதற்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் வெளிவந்த 'நாடோடி மன்னன்'. எம்.ஜி. ராமச்சந்திரன் என்ற நடிகர் முதன்முதலாக இயக்கிய படம்.

1936இல் 'சதி லீலாவதி'யிலே சிறு வேடம் ஒன்றில் தோன்றியவர் அவர். கதாநாயகனாக உயர, 'ராஜகுமாரி' வரும்வரை, 1947 வரை, காத்திருந்தார். 1953இல் கழகத்தில் இணைந்தார். தாமே ஒரு படத்தை இயக்கும் நிலைக்கு வந்தபோது திரையுலகில் அவருக்கு வயது இருபத்திரண்டு. நாடகக் கம்பெனியிலே வளர்ந்து, பிறர் எழுதியதைப் பேசி, பிறர் சொன்ன இடத்தில் நின்று, பிறர் தந்த ஊதியத்தைப் பெற்றுவந்த ஒரு தொழிலாளி, இனி நான் சொல்வதை நானே சொல்வேன் என்று துணிந்த நாள் அது.

நடிகர் இயக்குநரானது அதுவே முதல் முறையா? அல்ல. தமிழின் முதல் பேசும் படமாகிய 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி, 1936இலேயே 'மிஸ் கமலா'வை இயக்கினார். பெண்ணுக்கு வீட்டு வாயிற்படியே எல்லையாக இருந்த காலத்தில் அந்த அம்மையார் ஆற்றிய செயல் அது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1951இல் 'மணமகள்' படத்தை இயக்கினார். பானுமதி அம்மையார் 1953இல் 'சண்டிராணி'யை இயக்கினார். அந்தப் பானுமதியே 'நாடோடி மன்னன்' படத்தின் நாயகியருள் ஒருவர். ஆகவே நடிகர் இயக்குநராவது புதுமையன்று. படம் பார்த்தவர்கள் அதை எப்படி ஏற்றார்கள் என்பதே புதுமை.

முதலிலே அந்த முயற்சியின் இடரை எண்ணிப் பாருங்கள். இயக்குவதற்கென்று எண்ணியிருந்த கே. ராம்நாத் 1956இல் மறைந்துவிட்டார். பொறுப்பு நடிகரின் தோளிலே விழுந்தது. செலவு ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்நாளில் அது மலைக்க வைக்கும் தொகை. உடைமைகளை அடகு வைத்தே படம் முடிக்கப்பட்டது என்பர். முற்பகுதி கறுப்பு வெள்ளை, பிற்பகுதி வண்ணம். ஓடும் நேரமோ மூன்றரை மணிக்கும் மேல். வென்றால் மன்னன், தோற்றால் நாடோடி என்ற பேச்சு அந்தப் படத்தின் பெயரோடு ஒட்டியே ஊரெங்கும் உலவிற்று.

அந்த வழக்கிலே தீர்ப்பு வழங்கியவர் யார்? பத்திரிகை விமர்சகரா? பட்டம் பெற்ற பண்டிதரா? அல்லர். தரைச் சீட்டு வாங்கியவர்கள். நூறு நாட்களைக் கடந்து படம் ஓடிற்று. மதுரை மாநகரிலே நடந்த வெற்றி விழாவில் அவருக்குத் தங்க வாள் வழங்கப்பட்டது. திரையிலே அவர் சுழற்றியது நடிப்பு வாள். மக்கள் கையிலே தந்தது தங்க வாள். வாள் தருவது எளிய செயலன்று, தோழர்களே! படைத்தலைவனுக்குத்தான் வாள் தருவார்கள். வாளைத் தருகிறவன், போருக்குப் போ என்று சொல்லாமற் சொல்கிறான். எந்தப் போர்?

அதற்கு விடை கதையிலே இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஆண்டனி ஹோப் 1894இல் வெளியிட்ட 'செண்டாவின் கைதி' என்ற நாவலின் சாயல் இந்தப் படத்துக்கு உண்டு. 1937இல் ரொனால்டு கோல்மன் இரட்டை வேடத்தில் நடிக்க, அது ஹாலிவுட்டிலே புகழ்பெற்ற படமாகவும் வந்தது. அந்தக் கதை யாது? முடிசூட இருக்கும் மன்னனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிடுகிறார்கள். அவனைப் போலவே முகமுடைய ஆங்கிலப் பயணி ஒருவன், அரச குலத்துக்குத் தூரத்து உறவினன், மன்னனாக நடித்து அரியணையைக் காக்கிறான். இறுதியிலே முடியை உரியவனிடம் ஒப்படைத்து, காதலையும் துறந்து, வந்த வழியே போய்விடுகிறான். அரியணை அசையவில்லை. மன்னன் மாறினான், மீண்டான்; மக்கள் அன்றும் வேடிக்கை பார்த்தார்கள், இன்றும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

இப்போது நம் நாட்டுப் படத்துக்கு வாருங்கள். மன்னன் மார்த்தாண்டன். அவனைப் போலவே முகமுடையவன் வீராங்கன். இந்த வீராங்கன் அரச குலத்தவன் அல்லன், வழிப்பயணியும் அல்லன். முடியாட்சி ஒழிய வேண்டும், மக்களாட்சி மலர வேண்டும் என்று போராடுகிற கூட்டத்தின் தலைவன். அவன் தலையிலே, சூழ்நிலை முடியைச் சூட்டுகிறது. சூட்டியதும் என்ன செய்கிறான்? அரியணையைக் காக்கவில்லை. ஏழைக்கும் உழைப்பவனுக்கும் நலம் செய்யும் சட்டங்களை வரிசையாக அறிவிக்கிறான். முகத்திலே இருவருக்கும் வேற்றுமையில்லை. அகத்திலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. அங்கே நாயகன் முடியைக் காத்து நல்லவனாகிறான். இங்கே நாயகன் முடியைப் பயன்படுத்தி, முடியையே தேவையற்றதாக்கப் பார்க்கிறான்.

கதையின் வெளிக்கூட்டைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். உள்ளிருக்கும் உயிரை இந்த மண்ணிலே எடுத்தார்கள். கூட்டைப் பார்த்தவர்கள் இரவல் கதை என்றார்கள். உயிரைப் பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஏன் தட்டினார்கள் என்று சிந்தியுங்கள். அது 1958. நாடு குடியரசாகி எட்டாண்டுகள். 1952இலும் 1957இலும் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்து முடிந்திருந்தன. மன்னர்கள் மானியம் வாங்கிக்கொண்டு மாளிகைக்குள் ஒதுங்கிவிட்டார்கள். மன்னனே இல்லாத நாட்டில், முடியாட்சியை எதிர்க்கும் படத்துக்கு அத்தனை ஆரவாரம் எதற்கு? பகுத்தறிவுள்ள எவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

விடை இதுதான். வாக்குச்சீட்டு வந்துவிட்டது, வயிற்றுக்கு வழி வரவில்லை. மன்னன் போய்விட்டான், மன்னனைப் போல் நடப்பவன் ஊர்தோறும் இருந்தான். நிலம் அவனுடையது. கிணறு அவனுடையது. கோயிலும் மணியமும் அவனுடையன. அவனைக் கண்டால் துண்டை இடுப்பிலே கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். சட்டப் புத்தகத்திலே குடிமகன், வயல் வரப்பிலே அடிமை. அப்படிப்பட்டவன், திரையிலே ஒரு நாடோடி அரியணையில் அமர்ந்து, உனக்கும் எனக்கும் உரிய சட்டத்தை எழுதுகிறேன் என்று சொல்வதைக் கண்டான். பழங்கதையாக அவன் அதைக் காணவில்லை. நாளை நடக்க வேண்டியதாகக் கண்டான். ஆகவே அந்தக் கைத்தட்டல் நடிப்புக்குத் தந்த பாராட்டு மட்டுமன்று. ஒரு விண்ணப்பம். எழுதத் தெரியாதவன் இரண்டு கைகளாலும் எழுதிய விண்ணப்பம்!

அதை எழுத அவனுக்கு இடம் வேண்டுமே! அந்த இடந்தான் கொட்டகை. யாழ்ப்பாண மண் தந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ப் படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தவர். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று அவர் சுட்டிக்காட்டினார். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, கையிலுள்ள காசு. காசு தீர்மானிப்பதும் நீதியன்று என்பதை அறிவோம். எனினும் தெருவிலே நடக்க உரிமையில்லை என்று தடுக்கப்பட்டவன், அங்கே பண்ணையாரின் காதுக்கு எட்டும்படி சீழ்க்கை அடிக்க முடிந்தது. பண்ணையார் திரும்பிப் பார்த்தால் இருட்டு. யார் அடித்தது என்று தெரியாது. அந்த இருட்டிலே கிடைத்த துணிவு, பின்னர் வெளிச்சத்துக்கும் வந்தது.

அந்தப் படத்தின் பாடல்களை எண்ணுங்கள். அவற்றுள் சிலவற்றை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுடைய பாட்டாளிக் கவிஞர். வயல் விளைந்து என்ன பயன், விளைவித்தவன் கை வெறுங்கையாக இருக்கிறதே என்ற ஏக்கத்தை ஒரு பெண்ணின் குரலாகவும், அந்த நிலை மாறும் என்ற நம்பிக்கையை ஓர் ஆணின் குரலாகவும் அமைத்து அவர் எழுதிய பாட்டு அந்தப் படத்திலே ஒலித்தது. காதல் பாட்டுக்குரிய மெட்டு. கணக்குக் கேட்கும் கருத்து. நடவு நடும் பெண்ணுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கதையை அவளுக்கே பாடிக்காட்டினார்கள். அடுத்த ஆண்டே, 1959 அக்டோபர் 8ஆம் நாள், இருபத்தொன்பது வயதிலே அந்தக் கவிஞர் மறைந்தார். அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை.

கணக்குக் கேட்கப்பட்டது யாரிடம்? அங்கேதான் நாம் விழிப்பாகக் கவனிக்க வேண்டும். அந்தப் பட நிறுவனத்தின் சின்னமே, ஆணும் பெண்ணும் கழகக் கொடியை ஏந்தி நிற்கும் காட்சி. அது தோன்றிய கணத்திலேயே, இனி வரப்போவது யாருடைய வாக்கு என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே வீராங்கன் அறிவித்த சட்டங்களை, வீராங்கனின் சட்டங்களாக மட்டும் அவன் கேட்கவில்லை. கொடிக்குரியவர்களின் வாக்குறுதியாகக் கேட்டான். கைதட்டினான், அதாவது, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டான்.

தோழர்களே, கைத்தட்டலை வருமானம் என்று எண்ணுவோர் பலர். நான் சொல்வேன், அது கடன். தட்டியவன் கடன் கொடுத்தவன், பெற்றவன் கடன்பட்டவன். அந்தக் கடன்சீட்டிலே தொகை எழுதப்பட்டிருக்காது. சோறு, கூலி, நிலம், பள்ளிக்கூடம், மானம் என்று எழுதப்பட்டிருக்கும். இதை இரு சாரார் தவறாகப் படித்தார்கள்.

முதல் சாரார், இகழ்ந்தவர்கள். கூத்தாடிகள் ஆள வருவதா என்று சிரித்தார்கள். 1957இல் சட்டமன்றத்திலே கழகத்துக்குப் பதினைந்து இடங்கள். 1962இல் ஐம்பது. 1967இல் அறுதிப் பெரும்பான்மை. மக்களின் சீழ்க்கையொலியிலே இருந்த சேதியை அவர்கள் வாக்கு எண்ணும் இடத்திலேதான் முதன்முதலாகக் கேட்டார்கள். அவர்கள் நல்லதே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் சோறு போட்ட கை, மக்களின் குரலை மட்டும் கூச்சல் என்று தள்ளிற்று. தோல்விக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் சாரார் யார்? நம்மவர்களே. கைத்தட்டல் நமக்கு எழுதித்தரப்பட்ட சொத்து என்று நம்மில் பலர் நம்பினார்கள். 1967இல் ஆட்சி வந்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. சுயமரியாதைத் திருமணம் சட்டமாயிற்று. நாட்டுக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைக்கப்பட்டது. கடனிலே ஒரு பகுதி அடைபட்டது. மறுக்க முடியாது.

ஆனால், 1968 டிசம்பர் 25ஆம் நாளை மறக்க முடியுமா? கீழ்வெண்மணியிலே, கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக, ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். பட்டுக்கோட்டையும் கீழ்வெண்மணியும் அன்று ஒரே தஞ்சை மாவட்டம். விளைவித்தவன் கை வெறுங்கையாக இருக்கிறதே என்று பாட்டிலே கேட்டது 1958. அதே கேள்வியை வயலிலே கேட்டவர்கள் தீயிலே மாண்டது 1968. இடையிலே பத்தாண்டுகள். பாட்டுக்குக் கைதட்டிய மாநிலம், பாட்டின் பொருளைக் கேட்டவனைக் காக்கவில்லை. இதைச் சொல்ல நமக்கு நா கூசலாம்; சொல்லாவிட்டால் நாணயம் போய்விடும். கடன்சீட்டை மறைத்து வைத்தால் கடன் தீர்ந்துவிடாது.

பின்னர் 1972இல் பாதைகள் பிரிந்தன. அந்த நடிகர் தனிக் கட்சி கண்டார். 1973 மே மாதம் அவர் இயக்கிய இரண்டாவது படம் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவந்தது. அதே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவருடைய புதிய கட்சி வென்றது. 1977இல் அவரே முதலமைச்சரானார். 1978 தொடக்கத்தில் வெளிவந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' அவர் இயக்கிய மூன்றாவது படம். அரியணை ஏறிய வீராங்கனின் கதை, கோட்டையிலே நிகழ்ச்சியாகிவிட்டது. அந்த அரசியலைப் பற்றி நமக்குள் ஆயிரம் கருத்து இருக்கலாம். அது வேறு நாளைய பேச்சு. இன்றைக்கு நமக்குரிய பாடம் ஒன்று உண்டு. கடன்சீட்டு எப்போதும் மக்களின் மடியிலேதான் இருக்கிறது. யாரிடம் அதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்பவர்களும் அவர்களே. நம் கொட்டகை, நம் கூட்டம், நம் கைத்தட்டல் என்று பட்டா போட்டுக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. 1982இல் அவர் சத்துணவைத் தொடங்கியபோதும், அது அருளிய கொடை அன்று. 1958இல் வாங்கிய கடனிலே செலுத்திய ஒரு தவணை என்றே நான் கணக்கெழுதுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படத்திலே ஒரு குறையும் உண்டு. நல்ல சட்டங்கள் எங்கிருந்து வருகின்றன? மேலிருந்து வருகின்றன. ஒரு நல்லவன் அரியணையில் அமர்கிறான், எழுதுகிறான், மக்கள் மகிழ்கிறார்கள். மூன்றரை மணி நேரத்துக்குள் ஒரு நாட்டைத் திருத்த வேண்டிய படத்துக்கு அது போதும். நாட்டுக்குப் போதாது. மக்களாட்சி வேண்டும் என்று முழங்கும் படமே, ஒரு மாவீரன் வரும்வரை காத்திரு என்ற பழக்கத்தையும் மெல்ல ஊட்டிவிடுகிறது. வீராங்கனைக் கண்டு கைதட்டியவன், வீராங்கனாகத் தானும் ஆக வேண்டும் என்று எண்ணினானா, வீராங்கன் வருவான் என்று வாசலைப் பார்த்திருந்தானா? இரண்டும் நடந்தன. முதல் வகையினர் ஊர்தோறும் மன்றம் அமைத்தார்கள், படிப்பகம் திறந்தார்கள், சிறை சென்றார்கள். இரண்டாம் வகையினர் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் வகையினரை முதல் வகையினராக்குவதே இயக்கத் தோழனின் பணி. படத்தால் அது முடியாது, நம்மால் முடியும்.

ஆகவே தோழர்களே, இன்று ஒரு நடிகர் முதன்முதலாகப் படம் இயக்கினார் என்று கேள்விப்பட்டால், அது எத்தனை கோடி ஈட்டிற்று என்பதை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். மணல் தரை போய்விட்டது. குளிரூட்டிய அரங்கு வந்துவிட்டது. சீழ்க்கை அடித்தவன் பேரன் கைப்பேசியிலே கருத்தெழுதுகிறான். கூரை மாறியிருக்கிறது; உள்ளே இருப்பவனின் குறை முழுதும் மாறிவிட்டதா? நீங்களும் ஒரு சீட்டு வாங்கி உள்ளே அமருங்கள். திரையைப் பாதி நேரம் பாருங்கள். பக்கத்திலிருப்பவனைப் பாதி நேரம் பாருங்கள். அவன் எந்த இடத்திலே கைதட்டுகிறான்? எந்த இடத்திலே மௌனமாகிறான்? எந்தச் சொல்லுக்கு அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்ட மாநாட்டுத் தீர்மானத்தை எழுத உட்காரும்போது அந்தக் குறிப்பைப் பக்கத்திலே வைத்துக்கொள்ளுங்கள்.

அவனை இகழாதீர்கள், இகழ்ந்தவர்கள் வீழ்ந்தார்கள். அவன் நமக்கே உரியவன் என்று இறுமாந்திராதீர்கள், இறுமாந்தவர்களும் வீழ்ந்தார்கள். அவன் கைதட்டும்போது, நமக்குக் கடன் ஏறுகிறது என்று அஞ்சுங்கள். அஞ்சி, அதைத் தீர்க்கும் வழியைத் தேடுங்கள்.

1958இலே எழுதிய கடன்சீட்டிலே சில தவணைகள் செலுத்தப்பட்டிருக்கின்றன. பாக்கி இருக்கிறது. அதைக் கொடுத்து முடிக்கும்வரை நமக்கு ஓய்வில்லை.